பல நாடு, பழைய வண்டி, நான்கு நண்பர்கள்: வழியில் மாட்டிக்கொண்டால் எதை முதலில் பார்ப்பது

கூட்டாகப் போகிற நெடும்பயணத்தில் வண்டிக்கு அடியில் படுக்கிற ஆளும், எல்லைச் சாவடியில் காகிதக் கட்டோடு வரிசையில் நிற்கிற ஆளும் பெரும்பாலும் ஒருவராகத்தான் இருப்பார். எங்கள் கூட்டத்தில் அது நான். நாடு மாறினாலும் தொல்லைகள் மாறுவதில்லை, திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுதான் வருகின்றன. கையைக் கடிக்காமல் போகிற பயணம் என்பதால் ஒவ்வொன்றிலும் செலவே இல்லாத காரணத்தை முதலிலும், பையைக் காலி செய்கிற காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். உங்களுக்கு என்ன தொல்லையோ நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

## சாவியைத் திருப்பினால் வண்டி எடுக்கவில்லை

முதலில் காதைக் கொடுங்கள், என்ன சத்தம் வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

### சத்தமே இல்லை, அல்லது ஒரே ஒரு "டக்"

பானெட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலைக் கையால் திருகிப் பாருங்கள். அசைந்தால் அங்கேதான் கோளாறு. குண்டும் குழியுமான சாலையில் சில நூறு கிலோமீட்டர் ஓடினால் கிளாம்ப் தளர்வது சர்வ சாதாரணம். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் கழற்றி, வெந்நீர் விட்டுத் தேய்த்து, துடைத்துக் காயவைத்து இறுக்குங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

டெர்மினல் இறுக்கமாக இருக்கிறதா, சரி, மல்டிமீட்டரை எடுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அளவுக்குக் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12க்குக் கீழே போனால் காலி. காலியானதற்குக் காரணம் பெரும்பாலும் பின்சீட்டில்தான் இருக்கும்: ராத்திரி முழுக்க யாரோ போன் சார்ஜ் போட்டிருப்பார், அல்லது டிக்கி சரியாகச் சாத்தாமல் உள்விளக்கு எரிந்திருக்கும். இன்னொரு வண்டியை நிறுத்திக் கேபிள் போடும்போது வரிசை முக்கியம். சிவப்பு முதலில் உங்கள் பிளஸ்ஸில், பிறகு அவர்கள் பிளஸ்ஸில். கறுப்பு அவர்கள் மைனஸில், மறுமுனை உங்கள் எஞ்சினில் பெயிண்ட் இல்லாத இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி.

வண்டி எடுத்ததும் மீட்டரை மறுபடி வையுங்கள். ஓடுகிற எஞ்சினில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 13ஐத் தொடவில்லை என்றால் பேட்டரிக்கு மின்சாரம் போய்ச் சேரவில்லை. பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பளபளவென்று தேய்ந்திருக்கிறதா பாருங்கள். பெல்ட் நன்றாக இருந்தால், எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர்தான் கோளாறு. அதைச் சாலையோரத்தில் கழற்ற உட்காராதீர்கள். பேட்டரியைச் சார்ஜ் போட்டுக்கொண்டு, விளக்கு, ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்து, பகலில் அடுத்த ஊர் வரை ஓட்டிப் போகலாம். அங்கே எலக்ட்ரீஷியனைத் தேடுங்கள், பொது மெக்கானிக்கை அல்ல. பழைய ஆல்டர்னேட்டரைப் பிரித்துக் கரி மாற்றித் தருகிற ஆட்கள் பல நாடுகளில் இன்னும் இருக்கிறார்கள், புதிது வாங்குவதைவிட அது பல மடங்கு மலிவு.

### செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

எரிபொருள் முள்ளை நம்பாதீர்கள், கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கணக்குப் பாருங்கள். பெட்ரோல் வண்டியில் சாவியைப் பாதி திருப்பினால் பின்சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி "ங்..." என்று பம்ப் ஓடுவது கேட்கும். கேட்காவிட்டால் பம்பின் ஃபியூஸ், பிறகு ரிலே, அதாவது பம்புக்கு மின்சாரம் திறந்துவிடுகிற சிறு சுவிட்ச். ஒரே மாதிரி ரிலே பெட்டியில் இன்னொன்று இருக்கும், மாற்றிப் போட்டுப் பார்க்கக் காசு வேண்டாம். பம்ப் ஓடியும் பிடிக்கவில்லை என்றால் எரிபொருள் ஃபில்டர், அதன் பிறகு ஸ்பார்க் பிளக்.

பங்கிலிருந்து கிளம்பி ஓரிரு கிலோமீட்டரில் இருமி நின்றுவிட்டதா? இனி சாவியைத் தொடவே தொடாதீர்கள். டீசல் டேங்கில் பெட்ரோல் போயிருக்கலாம், ஒவ்வொரு முறை முயலும்போதும் அது பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் இன்னும் உள்ளே போகும். பங்கில் கைப்பிடியின் நிறத்தைப் பார்த்துப் போடுகிற பழக்கம்தான் இதில் ஆளைக் கவிழ்க்கிறது. பிரிட்டனில் பச்சைக் கைப்பிடி பெட்ரோல், அமெரிக்காவில் பல பங்குகளில் அதே பச்சை டீசல். "நாஃப்டா" என்று எழுதியிருந்தால் செக் குடியரசில் டீசல், அர்ஜென்டினாவில் பெட்ரோல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் பொதுவான குறியீடு இருக்கிறது: வட்டத்துக்குள் E எழுத்து பெட்ரோல், சதுரத்துக்குள் B எழுத்து டீசல். டேங்கை வடிக்க ஆளைக் கூப்பிட்டே ஆக வேண்டும். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டால் வடிப்பதோடு போகும், ஓட்டிய பிறகு என்றால் வண்டி விலைக்கே வேட்டு.

## வெப்ப முள் சிவப்பை நோக்கி ஏறுகிறது

ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் வைத்து, ஜன்னல்களை இறக்குங்கள். வெயிலில் ஹீட்டரா என்று பின்னால் இருப்பவர்கள் கத்துவார்கள், கத்தட்டும். எஞ்சின் சூட்டை வெளியே இழுக்க அது இன்னொரு சிறு ரேடியேட்டராக வேலை செய்யும். முள் இறங்காவிட்டால் ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். அரை மணி நேரமாவது ரேடியேட்டர் மூடிப் பக்கம் யாரும் போகக்கூடாது. சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். சுடச்சுட இருக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம், விரிசல் விட்டுவிடும்.

ஆறிய பிறகு எப்போது ஏறியது என்று யோசியுங்கள்.

நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓட்டினால் இறங்குகிறது: ஃபேன். ஏசியைப் போட்டால் பெரும்பாலான வண்டிகளில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், இணைப்பான், பிறகு மோட்டார், இந்த வரிசையில்.

வேகமாக ஓடும்போதோ மேட்டில் இழுக்கும்போதோ ஏறுகிறது: கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கிற திரவம்) அளவு முதலில். குறைந்திருந்தால் எங்கே போனது என்று பாருங்கள்: ஹோஸ் கிளாம்ப், ரேடியேட்டரின் அடிப்பகுதி, வாட்டர் பம்புக்குக் கீழே சொட்டு. ரேடியேட்டருக்கு முன்னால் பூச்சியும் சேறும் அடைத்துக் காற்றே போகாமல் இருப்பதும் உண்டு, அதற்கு ஒரு வாளித் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் மூடியை மட்டும் மாற்றுங்கள். அழுத்தம் நிற்காவிட்டால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும்.

எஞ்சின் கொதிக்கிறது, ஆனால் ரேடியேட்டருக்குப் போகிற ஹோஸ் ஒன்று ஜில்லென்று இருக்கிறது: சூடானதும் கூலன்ட்டுக்கு வழி திறக்கிற தெர்மோஸ்டாட் மாட்டிக்கொண்டது. விலை குறைந்த பொருள், எந்த ஊர் மெக்கானிக்கும் மாற்றிவிடுவார்.

இனி பயப்பட வேண்டிய இடம். எஞ்சின் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், ஆயில் அளவு பார்க்கிற கம்பியான டிப்ஸ்டிக்கையும் உருவுங்கள். குளிரான ஊரில் மூடியில் மட்டும் லேசாக வெளிர் நுரை இருந்தால் அது ஈரம், விட்டுவிடலாம். டிப்ஸ்டிக்கிலும் ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால், அல்லது கூலன்ட் எங்கும் சொட்டாமலே குறைந்துகொண்டு போய் சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெண்புகை வந்தால், எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கிற ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டிவிடலாம் என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார். ஓட்டினால் எஞ்சின் ஹெட்டும் வளைந்துவிடும். கட்டி இழுக்கிற வண்டியைக் கூப்பிடுங்கள்.

## மலை ஏறினால் இழுவையே இல்லை

வேறு எந்தக் கோளாறும் தெரியாமல், உயரம் கூடக் கூட மட்டும் பிக்கப் குறைகிறது என்றால் வண்டியைக் குறை சொல்லாதீர்கள். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். தஜிகிஸ்தானின் பாமிர் நெடுஞ்சாலையில் அக்-பைதால் கணவாய் 4,655 மீட்டர், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடச் சற்றுத்தான் அதிகம். இரண்டாவது கியரில் பொறுமையாக ஏறுங்கள், இரண்டு பேர் இறங்கிக் கொஞ்சம் நடந்தாலும் தப்பில்லை.

சமதளத்திலும் இழுக்கவில்லை என்றால்தான் கோளாறு. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள், புழுதிச் சாலை நாடுகளில் பாதி வழக்குகள் இதோடு முடியும். அடுத்து கடைசியாக எந்த ஊரில் எந்த ஆக்டேன் (பெட்ரோலின் தர எண்) போட்டீர்கள் என்பது. ஏறும்போது எஞ்சினில் கலகலவென்று சத்தம் வந்தால் மட்டமான பெட்ரோல், அடுத்த பெரிய ஊரில் நல்லதைக் கலந்து நீர்க்கச் செய்யுங்கள். அப்புறம் எரிபொருள் ஃபில்டர். வீலைத் தொட முடியாத அளவு சூடாக இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. கிளட்ச் கருகிய வாடையோடு எஞ்சின் மட்டும் உறுமி வண்டி நகராமல் இருந்தால் கிளட்ச் தட்டு. அதற்கு ஒர்க்‌ஷாப்தான் வழி.

## இறக்கத்தில் பிரேக் பெடல் உள்ளே போகிறது

கியரைக் குறையுங்கள், பெடலை வேகமாகப் பலமுறை மிதித்துப் பாருங்கள், கைப்பிரேக்கை மெதுவாக இழுத்து ஓரம் கட்டுங்கள். வீலுக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும்.

ஆறிய பிறகு பெடல் பழையபடி கெட்டியாகிவிட்டால் சூட்டில் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. பழைய ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், அதனால் சீக்கிரம் கொதிக்கும். ஏறுவதற்கு எந்தக் கியரோ இறங்குவதற்கும் அதே கியர் என்று வைத்துக்கொண்டு ஊர் வரை போய் ஆயிலை மாற்றுங்கள். ஆறிய பிறகும் பெடல் மெத்தென்று இருந்தாலோ, ஏதாவது ஒரு வீலின் உட்புறம் எண்ணெய் மாதிரி ஈரமாக இருந்தாலோ அங்கேயே நிற்க வேண்டியதுதான். இதில் பேரம் கிடையாது.

## ஸ்டியரிங் ஆடுகிறது

வீல் நட்டுகள் முதலில். வழியில் ஸ்டெப்னி மாற்றியிருந்தால் ஐம்பது, நூறு கிலோமீட்டருக்குப் பிறகு நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும், யாருமே செய்வதில்லை. நட்டு சரியாக இருந்தால் ரிம்மின் உட்புறம் காய்ந்த சேறு. அதைச் சுரண்டினாலே பல முறை ஆட்டம் நின்றிருக்கிறது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் ஆடினால் பேலன்சிங், பிரேக் போட்டால் மட்டும் ஆடினால் டிஸ்க். டயர் பக்கவாட்டில் பொம்மிக்கொண்டு நின்றால் அந்த டயரில் இனி ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம்.

## எல்லையில் திருப்பி அனுப்புகிறார்கள்

வண்டிக் கோளாறைவிட இதில்தான் அதிக நாள் போகும். அதிகாரி எந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டுகிறார் என்று கவனியுங்கள்.

### பதிவுச் சான்றைப் பார்த்துத் தலையாட்டினால்

வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் வண்டியில் இல்லை என்பதுதான் வழக்கமான சிக்கல். நண்பரின் அண்ணன் வண்டி, அப்பா வண்டி என்று எடுத்துக்கொண்டு கிளம்பினால் நோட்டரி முத்திரையோடு அனுமதிக் கடிதம் வேண்டும், போகிற நாட்டு மொழியிலோ ஆங்கிலத்திலோ. நகல் வேலைக்கு ஆகாது, மூலத்தையே கேட்பார்கள்.

### ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்து

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிப் புத்தகத்தில் 1949 ஒப்பந்தப்படி ஒரு வகை, 1968 ஒப்பந்தப்படி இன்னொரு வகை. ஒரு நாடு ஏற்பதை இன்னொன்று ஏற்காது. ஜப்பான் 1949 வகையை மட்டும் ஏற்கிறது. புத்தகத்தின் அட்டையிலேயே ஆண்டு அச்சிட்டிருக்கும், பாருங்கள். மூல உரிமம் கையில் இல்லாமல் புத்தகம் மட்டும் காட்டினால் செல்லாது. உரிமம் தந்த நாட்டில்தான் இதை வாங்க முடியும் என்பதால் பாதி வழியில் தெரிந்தால் வேறு வழி ஒன்றுதான்: சரியான புத்தகம் வைத்திருப்பவர் மட்டும் அந்த நாட்டில் ஓட்டட்டும்.

### காப்பீட்டைப் பார்த்து

கிரீன் கார்டில், அதாவது வெளிநாட்டிலும் வண்டிக் காப்பீடு இருப்பதைக் காட்டுகிற தாளில், நாடுகளின் குறியீட்டெழுத்துகள் கட்டங்களில் இருக்கும். குறுக்கே அடித்திருக்கிற நாட்டில் அது செல்லாது. சாவடியில் குறுகிய காலக் காப்பீடு விற்கிறார்களா என்று கேளுங்கள், பல எல்லைகளில் விற்கிறார்கள், வாங்கிவிட்டால் முடிந்தது. காப்பீடே இல்லாமல் உள்ளே விட்டாலும் போகாதீர்கள். ஒரு சிறு மோதல் போதும், வண்டியை நிறுத்தி வைத்துவிடுவார்கள்.

### சுங்கத் தாளைப் பார்த்து

இந்தியா, பாகிஸ்தான், ஈரான், எகிப்து போன்ற நாடுகளுக்குச் சொந்த வண்டியோடு போக கார்னே எனப்படும் சுங்கப் புத்தகம் வேண்டும். ஒவ்வொரு தாளிலும் மூன்று துண்டுகள்: உள்ளே வரும்போது ஒன்றைக் கிழித்துக்கொள்வார்கள், வெளியேறும்போது இன்னொன்றை, அடித்துண்டு புத்தகத்திலேயே இருக்கும். வெளியேறும் முத்திரை அந்த அடித்துண்டில் விழாவிட்டால் வண்டி அந்த நாட்டிலேயே இருக்கிறது என்று கணக்கு, நீங்கள் கட்டிய பிணைத்தொகைக்கு ஆபத்து. அதனால் முத்திரை விழாமல் சாவடியை விட்டு நகராதீர்கள், மதிய உணவு இடைவேளை என்றால் காத்திருங்கள். விட்டுப்போனதை அடுத்த நாட்டில் கண்டுபிடித்தால், வண்டி வெளியேறிவிட்டது என்று நீங்கள் இப்போது இருக்கிற நாட்டுச் சுங்க அதிகாரியிடம் சான்று வாங்கி, புத்தகம் தந்த வாகன சங்கத்துக்கு உடனே எழுதுங்கள்.

கார்னே கேட்காத நாடுகளில் தற்காலிக இறக்குமதித் தாள் தருவார்கள். அதை வாங்கியதும் ஜன்னலை விட்டு விலகாமல் நம்பர் பிளேட், சேசிஸ் எண், தேதி மூன்றையும் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். ஓ என்ற எழுத்தும் பூஜ்யமும் மாறிக் கிடப்பது அடிக்கடி நடக்கிறது, உள்ளே வரும்போது இரண்டு நிமிடத்தில் திருத்தித் தருகிற அதே பிழை வெளியேறும்போது அரை நாள். முக்கியமாக, உங்கள் விசா அறுபது நாள் என்பதால் வண்டிக்கும் அறுபது நாள் என்று எண்ண வேண்டாம், வண்டிக்குத் தனிக் கெடு. ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) ஆளுக்கான கணக்கு எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள், நுழைந்த நாளும் வெளியேறிய நாளும் சேர்த்து.

அதிகாரி தாளை வாங்கிவைத்துக்கொண்டு நாளை வா என்கிறார், இரண்டாம் நாளும் அதே பதில் என்றால் சாவடியருகே இருக்கிற சுங்க முகவரைப் பிடியுங்கள். கட்டணம் உண்டு. ஆனால் மூன்று நாள் அறை வாடகையைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

## வண்டிக்குள் எல்லோருக்கும் தலைவலி

ஜன்னலை இறக்கிப் பத்து நிமிடத்தில் தேவலை என்று ஆகிறதா? அப்படியானால் புகை உள்ளே வருகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. டிக்கி ரப்பர், கல் பட்டு ஓட்டையான சைலன்சர் குழாய், இவற்றைப் பார்க்கும் வரை ஜன்னல் திறந்தே இருக்கட்டும், குளிருக்காக எஞ்சினை ஓடவிட்டு உள்ளே தூங்குவது எந்த நாளும் வேண்டாம். யாராவது மயங்கினால், வாந்தி எடுத்தால் வெளியே தூக்கி வந்துவிட்டு அவசர உதவி.

உயரம் 2,500 மீட்டருக்கு மேல் என்றால் மலை நோய். அன்று அதற்கு மேல் ஏறாதீர்கள், தண்ணீர் குடித்துப் படுங்கள். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் தூங்குகிற உயரம் நாளுக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. கார் ஒரே நாளில் இரண்டாயிரம் மீட்டர் ஏற்றிவிடும் என்பதுதான் இதில் வில்லங்கம். நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ இருட்டாக இருந்தாலும் அப்போதே கீழே இறக்குங்கள். மருத்துவரைத் தேடுவது இறங்கிக்கொண்டே.

## வண்டிக்குள் யாரும் பேசுவதில்லை

முதல் காரணம் பசி, இரண்டாவது தூக்கம். இரண்டையும் தீர்த்துவிட்டு மறுபடி பாருங்கள், பாதிச் சண்டை காணாமல் போயிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி ஓட்டுகிறவர்களே நாலரை மணி நேரத்துக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம் நிறுத்த வேண்டும் என்று சட்டம் இருக்கும்போது, தொழில்முறை ஓட்டுநர் அல்லாத நம் ஆள் எட்டு மணி நேரம் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சாப்பிட்டுத் தூங்கியும் அப்படியே இருந்தால் காசு. யார் எவ்வளவு போட்டார்கள் என்று ஒருவர் மனசுக்குள்ளேயே கணக்கு வைத்திருப்பார், வெளியே சொல்ல மாட்டார். பொதுப் பை ஒன்று வையுங்கள், எல்லோரும் ஒரே தொகை போடுங்கள், டீசல், சுங்கம், அறை மூன்றும் அதிலிருந்து மட்டும். பீரும் சிகரெட்டும் அவரவர் பை. வண்டி ரிப்பேர் செலவு வண்டிக்காரருக்கா எல்லோருக்குமா என்பதைக் கிளம்பும் முன்பே பேசியிருக்க வேண்டும். பேசவில்லை என்றால் அடுத்த ரிப்பேர் வருவதற்கு முன் பேசுங்கள், மெக்கானிக் முன்னால் நின்று பேசாதீர்கள். என் கருத்து: தேய்மானப் பொருள் எல்லோருக்கும் பொது, கிளம்பும் முன்பே இருந்த கோளாறு வண்டிக்காரருக்கு.

அதுவும் இல்லையென்றால் ஒரு நாள் பிரிந்திருங்கள். இருவர் வண்டியில், இருவர் பஸ்ஸில், மறுநாள் மாலை அடுத்த ஊரில் சந்திப்பு. சுங்கத் தாளில் பெயர் இருப்பவர் வண்டியோடு இருக்க வேண்டும், அதை மட்டும் மறக்க வேண்டாம். ஒருவர் ஊருக்கே திரும்புகிறேன் என்றால் கெஞ்சி நிறுத்தாதீர்கள், ஆனால் வண்டி அவர் பெயரில் இருந்தால் அடுத்த தலைப்பைப் படியுங்கள்.

## ரிப்பேர் செலவு வண்டி விலையைத் தாண்டுகிறது

விட்டுவிட்டு ரயிலேறிவிடலாம் என்று தோன்றும். பல நாடுகளில் முடியாது. வண்டி உங்கள் பெயரில் தற்காலிக இறக்குமதியாகப் பதிவாகியிருக்கிறது, துருக்கி மாதிரி சில நாடுகளில் வண்டியோடு வந்த ஆள் வண்டி இல்லாமல் எல்லையைத் தாண்ட முயன்றால் கணினியில் தெரிந்துவிடும். உள்ளூர் ஆளுக்கு விற்பதும், காயலான் கடையில் போடுவதும் சுங்க அனுமதி இல்லாமல் செய்தால் வரி, அபராதம் இரண்டும் வரும்.

மலிவான வழி, எல்லை பக்கத்தில் என்றால் லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோய், வெளியேறும் முத்திரை வாங்கிவிட்டு அந்தப் பக்கம் முடிவெடுப்பது. வண்டி உங்கள் நாட்டுப் பதிவில் இருந்து, காப்பீட்டில் பழுது உதவியும் திருப்பி அனுப்பும் வசதியும் இருந்தால் ரிப்பேருக்குக் கை வைக்கும் முன் அவர்களுக்கு போன் செய்யுங்கள், நீங்களே பிரித்துவிட்டுச் சொன்னால் ஒப்புக்கொள்ளாமல் போகலாம். இரண்டும் முடியாது என்றால் வண்டியைச் சுங்கத்திடமே ஒப்படைக்கக் கேளுங்கள். ஒப்படைத்ததற்கு எழுத்தில் தாள் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். இந்த வேலையைச் சுங்க முகவர் இல்லாமல் தனியாகச் செய்யப் பார்க்க வேண்டாம், படிவம் முழுக்க உள்ளூர் மொழியில் இருக்கும். நம்பர் பிளேட்டைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாமா என்று அவரிடமே கேளுங்கள், ஊரில் பதிவை ரத்து செய்யும்போது அதைக் கேட்கிற நாடுகள் உண்டு.